பத்து மணிக்குப் பீர், பதினோரு மணிக்குக் கோபுரம்: எங்கள் பிளாக்பூல் பயணம்

இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு, போன செப்டம்பர் கடைசியில் ராஜபாளையம் திரும்பினோம். வந்ததிலிருந்து தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். விசாவுக்கு எம்புட்டு ஆச்சு, குளிர் தாங்குதா, அங்கே பார்க்க என்னதான் இருக்கு. ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. நம் பக்கத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்களுக்கு உதவும் என்று மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நடுவில் எங்கள் வீட்டு விவகாரமும் வரும். அதைத் தனியாகப் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் செட்டியார்பட்டியில் முப்பத்தோரு வருடம் தமிழ் டீச்சராக இருந்து போன மே மாதம் ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் சேத்தூர். ராணுவத்தில் லாரி ஓட்டி ஹவில்தாராக ஓய்வு பெற்றார். வீட்டிலும் அவர் ஹவில்தார்தான். எங்களுக்கு ஒரே மகள், கோதை. பிளாக்பூலில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவரை ரெஜிஸ்டர் மேரேஜ் செய்துகொண்டு, அப்புறம்தான் எங்களுக்குப் போன் செய்தாள். மாப்பிள்ளையின் பெயர் கீத். வேலை, டிராம் டிரைவர்.

அன்றிலிருந்து ஹவில்தார் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போனை நீட்டினால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். பாப்பா பாப்பா என்று கூப்பிட்ட வாய், "உம் மக" என்று சொல்லப் பழகிவிட்டது.

"கீத்தாம். தென்னங்கீத்து, பனங்கீத்து மாதிரி ஒரு பேரு. அதுலயும் டிரைவராம்" என்பார்.

"நீங்க என்ன கலெக்டராவா இருந்தீக? லாரிதானே ஓட்டுனீக" என்பேன் நான்.

"நான் ஓட்டுனது லடாக்ல."

இதற்கு மேல் பேச்சு போகாது. அவரிடம் நூறு தடவை கெஞ்சிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற மறு வாரம் கெஞ்சுவதை விட்டுவிட்டு, "நான் மட்டும் தனியா போறேன், விசாவுக்குப் போட்டாச்சு" என்று சொன்னேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் மூன்றாம் நாள், "நீ தனியா போயி ஏர்போர்ட்டுல முழிச்சிக்கிட்டு நிப்ப. நானும் வாரேன். ஊரைப் பாக்கத்தான் வாரேன், ஆளைப் பாக்க இல்ல" என்றார். எனக்கு அது போதும். பத்து நாளில் அப்பாவையும் மகளையும் பேச வைத்துவிட வேண்டும். நான் போனதற்கு ஒரே காரணம் அதுதான். கடல், கோபுரம் எல்லாம் உபரி.

விசாக் கட்டணம் நாங்கள் போட்டபோது ஆளுக்கு 127 பவுண்ட். ஒரு பவுண்டுக்கு 115 ரூபாய் சுமாராக வைத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையத்திலிருந்து காலை ஐந்து மணிக்குக் காரில் கிளம்பி செங்கோட்டை, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் போனோம். ஐந்து மணி நேரம். அங்கிருந்து வளைகுடா நாடு ஒன்றில் விமானம் மாறி மான்செஸ்டர். ஒரு முக்கியமான விஷயம்: பால்கோவா கொண்டுபோகாதீர்கள். நம் நாட்டிலிருந்து பால் பொருட்கள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். கோதை சொல்லியும் கேட்காமல் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரை கிலோ வாங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். மனசு உறுத்தி, தென்மலை தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, நாங்களும் டிரைவரும் மூன்று பேருமாகத் தின்று தீர்த்தோம். காரச்சேவும் கருப்பட்டி மிட்டாயும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு உள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. பிளாக்பூலுக்கு நேர் ரயில், ஒன்றரை மணி நேரம். கோதை மட்டும் அழைக்க வந்திருந்தாள். மூன்று வருடம் கழித்து மகளைப் பார்க்கிற அப்பா, பெட்டிகளை எண்ணிவிட்டு, "நாலு இருக்கு, சரி" என்றார். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்து வந்தோம். இரண்டு பேருக்குத் தபால்காரியாக நான் நடுவில்.

வீடு பிஸ்பம் என்ற பகுதியில் இருக்கிறது. கடலுக்கும் டிராம் ஸ்டாப்புக்கும் பத்து நிமிட நடை. கீத் வாசலில் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம், பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையைப் படிய வாரியிருந்தார். "வணக்கம் மாமா. வணக்கம் அத்தை. வாங்க" என்றார். ஒரு வருடமாகத் தமிழ் படிக்கிறாராம். ஹவில்தார் கையெடுத்துக் கும்பிட்டார், அவ்வளவுதான். சோறு, பருப்பு, அப்பளம் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே படுத்துவிட்டோம்.

மறுநாள் வியாழக்கிழமை. கோதை விடிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். நான் எழுந்து அடுக்களைக்குள் போனபோது ஹவில்தார் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் விறைத்து நின்றார். பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோணல் கோணலான தமிழ் எழுத்து, ஆனால் தெளிவாக இருந்தது.

ஆட்கள்: மாமா, அத்தை, கோதை, டிரைவர்.
0900 புறப்பாடு.
1000 பீர். நேரம் இருந்தால் மூன்று பீரும்.
1100 கோபுரம்.
1300 சாப்பாடு.
1400 கழுதை.
1530 கோதை வருதல்.

"படிச்சியா" என்றார்.

படித்தேன். பீர் என்ற சொல்லிலேயே கண் நின்றுவிட்டது. இவருடைய தம்பி, என் கொழுந்தனார், குடித்துக் குடித்தே நாற்பத்திரண்டு வயதில் போனவர். கடைசி மூன்று மாதம் எங்கள் வீட்டில்தான் கிடந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சரக்குகளின் பெயரைக்கூட யாரும் எடுப்பதில்லை. மிலிட்டரி கோட்டாவை ஒருநாளும் வாங்கி வந்ததில்லை இந்த மனுஷன். கோதைக்கு இதெல்லாம் தெரியும்.

"காலையில பத்து மணிக்குப் பீராம். மூணு அடிக்கணுமாம். குடிச்சிட்டு கோயிலுக்குப் போகணுமாம். பொறவு கழுதையாம். யாரு கழுதை? நானா? ஏட்டி, நம்மளை நக்கல் பண்ணியிருக்கான்" என்றார்.

வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் பீர் குடிப்பார்கள் என்றுதானே நாமும் நினைத்து வைத்திருக்கிறோம். அதனால் அந்தப் பிள்ளைக்காக ஒரு வார்த்தை பரிந்து பேச எனக்கும் தோன்றவில்லை. கோதைக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். வார்டில் இருந்தாள் போல, எடுக்கவில்லை. வந்த மறுநாளே எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஹவில்தாருக்கு ஒரு பழக்கம். நேரம் போட்டுக் கொடுத்துவிட்டால், பிடிக்கிறதோ இல்லையோ, அந்த நேரத்துக்கு ஆஜராகிவிடுவார். எட்டு ஐம்பத்தைந்துக்கு ஷூ மாட்டி, மங்கி குல்லாய் போட்டு வாசலில் நின்றார். "அவன் எங்க கூட்டிட்டுப் போறான்னு பாப்போம். அங்க வச்சுச் சொல்லிக்கிடுதேன்" என்றார்.

இந்த ஊரில் கடலை ஒட்டியே டிராம் ஓடுகிறது. தெற்கே ஸ்டார் கேட்டிலிருந்து வடக்கே ஃப்ளீட்வுட் வரை பதினெட்டு கிலோமீட்டர். நாள் டிக்கெட் ஆளுக்கு ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வரிசையாகப் பழைய தங்கும் விடுதிகள். கீத்துக்கு அன்று விடுமுறை. வண்டியை ஓட்டிய பெண் அவரைப் பார்த்துக் கை ஆட்டினாள். ஹவில்தார் இருக்கையில் உட்காராமல் டிரைவர் கேபினுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபமாக இருந்தாலும் வண்டியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

நார்த் பியர் என்ற ஸ்டாப்பில் இறங்கி, கடற்கரை நடைபாதையில் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு, சரியாகப் பத்து மணிக்கு ஒரு வாசலுக்கு வந்தோம். உள்ளே விளையாட்டு மெஷின்கள் மினுக்கின. பக்கத்தில் ஒரு பலகையில் நுரை பொங்கும் கிளாஸ் படம், கீழே பார் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. ஹவில்தார் வாசலில் கால் வைத்த இடத்திலேயே நின்றார்.

"மிஸ்டர் கீத். நோ டிரிங்க்ஸ். மை பிரதர், டிரிங்கிங், டிரிங்கிங், டைட். யூ அண்டர்ஸ்டாண்ட்?"

கீத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. கோதை சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியிருப்பாள் போல, ரொம்ப வருத்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்புறம் நிலைமையைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டினார்.

"மாமா, பீர் நல்லது. ரொம்பப் பழசு. நூத்தம்பது வருஷம் மேல."

ஹவில்தார் பல்லைக் கடித்தார்.

"கோதைக்கு பீர் ரொம்பப் பிடிக்கும். வேலை முடிஞ்சா நாங்க தினம் பீர். நான் கோதைகிட்ட கல்யாணம் கேட்டேன், பீர்ல கேட்டேன். அவ அழுதா."

இவர் திரும்பி டிராம் ஸ்டாப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நானும் பின்னாலேயே போகத் திரும்பினேன். ஆனால் முப்பத்தோரு வருடம் பிழையைத் திருத்தியே பழகிய காது, அந்தக் கடைசி வாக்கியத்தில் என்னவோ இடிக்கிறது என்றது. பீர் குடித்துக் கேட்கலாம், பீரோடு கேட்கலாம். பீரில் எப்படிக் கேட்க முடியும்?

"தம்பி, செத்த நேரம் நில்லுங்க. எது பீர்?" என்று கேட்டேன்.

கீத் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்புறம் ஷூக் காலால் தரைப் பலகையை டக் டக்கென்று தட்டினார். "இது அத்தை. அத்தை நிக்கிறது பீர்."

கீழே பார்த்தேன். நீள நீளமான மரப்பலகைகள், இடுக்கு வழியாகக் கீழே கடல் தண்ணீர் ஓடியது. முன்னால் பார்த்தால் அந்தப் பலகைப் பாலம் அரை கிலோமீட்டர் தூரத்துக்குக் கடலுக்குள் போகிறது. கடலுக்குள் நடந்து போவதற்கென்றே இரும்புக் கால் நட்டுக் கட்டிய பாலம். இதற்கு ஆங்கிலத்தில் பியர் என்று பெயர். இந்த ஊரில் வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று இருக்கின்றன.

எனக்கு வந்த சிரிப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "என்னங்க, இங்க வாங்க. இதுதான் பீராம். நாம நிக்கிறதுதான் பீராம்" என்று கூவினேன். இவர் திரும்பி வந்து, பலகையைக் குனிந்து பார்த்து, கடலைப் பார்த்து, கீத்தைப் பார்த்தார்.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பிள்ளை எழுதியதில் தப்பே இல்லை. சொல்லுக்கு முதலில் வருகிற ப, பல், பால், பணம் என்று அழுத்தித்தான் வரும். அவர் படித்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். அவர் இலக்கணப்படி எழுதினார். நாம்தான் பஸ், பல்பு, பக்கெட் என்று எழுதி எழுதி அதே எழுத்தை வேறு மாதிரி படிக்கப் பழகிவிட்டோம். தமிழ் டீச்சர் நான், எனக்கே உறைக்கவில்லை. அவர் வாயால் சொன்னபோதும், அந்தக் காற்று இரைச்சலில் தாளில் படித்த சரக்குதான் எங்கள் காதில் விழுந்தது. "நூத்துக்கு நூறு தம்பி. தப்பு எங்க மேல" என்றேன். அவருக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னதும், மனுஷன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹவில்தார் சிரிக்கவில்லை. பலகைப் பாலத்தின் கடைசி வரைக்கும் எங்களுக்கு முன்னால் நடந்தார். அங்கே உட்காரப் பழைய பாணி இரும்பு பெஞ்சுகள் இருக்கின்றன, அனுமதி இலவசம். ஆடிக் காற்றில் அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கம் நின்றால் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் இல்லையா, அதே காற்று இங்கே எப்போதும் அடிக்கிறது. அதில் ஐந்து பங்கு குளிரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அந்தத் தாளு. ஆட்கள், நேரம், அப்படி எழுதணும்னு யாரு சொன்னா?" என்று கேட்டார் இவர். நான் மொழிபெயர்த்தேன்.

கீத் கோட்டுப் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு பழுப்புத் தாளை எடுத்து நீட்டினார்.

அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ராணுவத்தில் இருந்தபோது இவருக்கு வருடத்துக்கு இரண்டு மாத லீவு. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களை ஒரு நாள் சுற்றுலா கூட்டிப் போவார். எல்லா வருடமும் அதே இடங்கள்தான். ஆனாலும் வருடா வருடம் புதிதாக ஒரு தாளில் புரோகிராம் எழுதிக் கதவில் ஒட்டுவார். யார் யார் ஆட்கள், எத்தனை மணிக்கு எது, யாருக்கு என்ன பொறுப்பு. கோதை விடியும் முன்பே எழுந்து அதைப் பத்துத் தடவை படிப்பாள். அந்தத் தாள்கள் எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வேலைக்கு வெளிநாடு கிளம்பும்போது இந்தப் பிள்ளை அத்தனையையும் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். அதில் ஒன்றை மாதிரியாக வைத்துத்தான் எழுதியிருக்கிறார் கீத்.

ஆட்கள்: நான், இவள், பாப்பா.
0530 பஸ்.
0630 திருவண்ணாமலை. பாப்பாவைத் தூக்குவது: நான்.
0900 ஆண்டாள் கோயில்.
1100 பால்கோவா. கால் கிலோ.
1300 புளிச்சோறு. தண்ணீர் கேன்: இவள்.
1500 அய்யனார் கோயில் ஆறு.
1900 வீடு.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இது தீபத் திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் இருக்கிற எங்கள் திருவண்ணாமலை. அந்தப் படிகளில் கோதை நடக்கிறேன் நடக்கிறேன் என்று அடம்பிடிப்பாள். பத்துப் படி ஏறியதும் கையைத் தூக்குவாள். அவ்வளவுதான், கீழே இறங்கும் வரை அப்பா தோளை விட்டு இறங்கமாட்டாள்.

ஹவில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு, "அந்த வருஷம் ஆண்டாள் கோயிலுக்கு ஒன்பதரைக்குத்தான் போனோம். பஸ் லேட்டு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

தாளைத் திருப்பிக் கொடுத்தவர், "வீட்டுல ஒட்டுன தாளுல டிரைவர்னு போட்டிருக்கே, அது யாரு?" என்றார்.

கீத் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "கோதை சொன்னாள், அப்பா தாளில் குடும்பத்து ஆட்களை மட்டும்தான் எழுதுவார் என்று. என்னைச் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. டிரைவர் என்று போட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன்."

நான் மொழிபெயர்க்கவில்லை. ஹவில்தாருக்கே புரிந்துவிட்டது. எழுந்து நடந்தார்.

அடுத்தது கோபுரம். பிளாக்பூல் டவரைத்தான் அப்படி எழுதியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் கோபுரம் என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். நம்முடையது 192 அடி, இது 518 அடி இரும்பு. முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்தால் டிக்கெட் குறைவு; எங்களுக்கு ஆளுக்குப் பதினைந்து பவுண்ட் ஆனது. லிஃப்டில் மேலே போனால் ஓரிடத்தில் தரையே கண்ணாடி. காலுக்குக் கீழே டிராம் தீப்பெட்டி போல ஓடுகிறது. நான் அதில் கால் வைக்கமாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஹவில்தார் நடுக் கண்ணாடியில் நின்று கீத்திடம், ஒரு டிராம் எத்தனை டன், பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்டார். அதுதான் அவர் என்னை நடுவில் வைக்காமல் மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. அதே கட்டடத்தில் ஒரு நடன மண்டபம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஜோடிகள் பகலிலேயே கைகோத்து ஆடுகிறார்கள். டீயோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

சாப்பாட்டுக்கு மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும், ஒரு தட்டு பன்னிரண்டு பவுண்ட். இரண்டு தட்டு மூன்று பேருக்குத் தாராளம். வெளியே வைத்துச் சாப்பிடாதீர்கள். கடல்காகம் கையிலிருந்தே பறித்துவிடும். என்னிடமிருந்து பறித்தது.

இரண்டு மணிக்குக் கழுதை. உண்மையிலேயே கழுதைதான். மணலில் வரிசையாக நிறுத்தி, குழந்தைகளை ஏற்றி ஒரு சுற்று அழைத்துப் போகிறார்கள், ஐந்து பவுண்ட். பெரியவர்கள் ஏற முடியாது. ஒவ்வொன்றின் மூக்குப்பட்டையிலும் அதன் பெயர் இருக்கிறது. ஹவில்தார் மலை முகாம்களில் கோவேறு கழுதைகளோடு பழகியவர். ஒன்றின் காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கான்" என்றார். மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு, வெள்ளிக்கிழமை முழு நாள் விடுமுறை என்று கீத் விளக்கினார். கழுதைகளுக்குத்தான். "நம்ம சர்வீஸை விட மேல்" என்றார் இவர். அந்தச் சமயத்தில் ஒருவர் வெள்ளை நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக, இவர் கீத்தை நிறுத்தி, எங்கள் பக்கத்து வீட்டு ராஜாவின் ராஜபாளையம் நாயைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னார். பாதி இந்தி, பாதி ஆங்கிலம். கீத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பாவம்.

மூன்றரைக்கு ஃப்ளீட்வுட் போகும் டிராமில் ஏறினோம். அதே ஸ்டாப்பில் கோதையும் ஓடி வந்து ஏறினாள். வேலை முடிந்து நர்ஸ் உடுப்போடு, மேலே ஒரு கோட்டு. காலையில் நான் போட்ட பத்து மிஸ்டு காலைப் பார்த்துப் பயந்து போயிருந்தாள். என் முகத்தையும் கீத் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹவில்தார் பக்கத்து இருக்கையில் இருந்த பையைக் கையில் எடுத்தார். எழுந்து வெளிப்பக்கம் நகர்ந்தார்.

"பாப்பா, இங்க உக்காரு. ஜன்னலோரம்" என்றார்.

சின்ன வயசில் பஸ் ஏறினால் ஜன்னலோரம் கேட்டு ரகளை பண்ணுகிறவள் அவள். போய் உட்கார்ந்து, அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நாலு ஸ்டாப் வரை நிமிரவில்லை. இவர் அவள் தலையைத் தட்டிக்கொண்டே, "சாப்டியா? சேவு கொண்டாந்திருக்கேன்" என்றார். மூன்று வருடக் கோபம் முடிந்த விதம் இதுதான். இதற்கா இத்தனை நாள் என்று எனக்கு ஆத்திரமும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஃப்ளீட்வுட் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். அங்கே ஒரு தெருவின் நட்டநடுவில் கலங்கரை விளக்கம் நிற்கிறது, வீடுகளுக்கு மத்தியில். கார்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன. வானம் தெளிந்திருந்தால் வளைகுடாவுக்கு அப்பால் நீலமாக மலைகள் தெரியும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை தெரிவது போலவே இருந்தது. இத்தனை நாள் என் போனுக்குப் பயந்து இவர் ஏறிப் போய் நின்ற மாடி அது. அவர்கள் மூன்று பேரும் எனக்கு முன்னால் நடந்தார்கள். நான் வேண்டுமென்றே பின்தங்கி நடந்தேன்.

மற்ற நாட்களில் பார்த்தவை: லித்தம் என்ற பக்கத்து ஊரில் கடலோரப் புல்வெளியில் வெள்ளைக் காற்றாலை, பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், மூன்று பவுண்டுக்கு மிகாது. ஸ்டான்லி பூங்கா, இலவசம், படகு உண்டு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை கடற்கரை முழுக்கச் சரவிளக்கு போடுகிறார்கள்; ஏழரை மணிக்கெல்லாம் டிராமிலிருந்தே பார்த்துவிடலாம். மீதி இரண்டு பீர்களுக்கும் போனோம். நடுப் பீரில் ராட்சச ராட்டினம், தெற்குப் பீரில் சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. கடைகளில் ராக் என்று சொல்லி இளஞ்சிவப்பு மிட்டாய்க் குச்சி விற்கிறார்கள். எங்கே கடித்தாலும் உள்ளே ஊர்ப் பெயர் இருக்கும். தெருப் பிள்ளைகளுக்கு இருபது வாங்கினேன். நம் பல்லுக்கு ஆகாது.

போகிறவர்களுக்கு: செப்டம்பர் நல்ல மாதம், கூட்டம் குறைவு. ஆனாலும் கம்பளி, மங்கி குல்லாய், காற்றுக்குத் தாங்கும் கோட்டு கட்டாயம். குடை வீண், திருப்பிவிடும். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு நாலு நாள் விடுமுறை கிடைக்கிற சமயம் பார்த்துப் போங்கள். அங்கே யாராவது தமிழில் ஏதாவது எழுதிக் கொடுத்தால், கோபப்படுமுன் ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணுக்கு முன்னால் இருந்த எழுத்தை நானே தப்பாகப் படித்தேன்.

கிளம்பிய அன்று காலை ஏழு மணிக்கு நான் டீ போட அடுக்களைக்குப் போனேன். கீத் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று, உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். பழைய தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹவில்தார் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார். ஒரு சொல்லில் விரலை வைத்து, "அத்தை, இது என்ன?" என்று கேட்டார் கீத். சொன்னேன். அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார். தை மாதம் இருவரும் வருகிறார்கள். தாளை அப்படியே கீழே தருகிறேன், நம் ஊர்ப் பக்கம் ஒரு நாள் சுற்ற நினைக்கிறவர்களுக்கும் உதவும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர். ஒரு நாள்.
ஆட்கள்: நான், இவள், பாப்பா, மாப்பிள்ளை.
0530 புறப்பாடு.
0600 திருவண்ணாமலை. பாப்பா நடந்து ஏறும்.
0930 ஆண்டாள் கோயில். உண்மையான கோபுரம்.
1100 பால்கோவா. அரை கிலோ, மாப்பிள்ளைக்கு.
1300 புளிச்சோறு. தண்ணீர் கேன்: மாப்பிள்ளை.
1500 அய்யனார் கோயில் ஆறு.
1900 வீடு.
டிரைவர்: நான்.